உங்கள் பாதம் எங்கள் கண்மேல்

அந்தத் தொலைபேசி மேஜையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். நல்ல வெயில் விழும் மேஜை அது. தெஹ்ரான் குளிரில் வெயிலில் உட்கார ஆசைப்படுவது ஒரு குற்றமில்லை.

எங்கள் போர்நிறுத்தம் அந்த மேஜையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்காவது ஒரு குண்டு தவறி விழுந்தால், மஸ்கட்டிலிருந்து ஹிலால் என்ற சமரசக்காரர் அழைப்பார். எடுத்துப் பேசுவது மஹ்வஷ். பக்கத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டு எழுதிக்கொள்வது நான். என் வேலைக்கு இரண்டாம் காது என்று பெயர். இரண்டாம் காதுக்கு வாய் கிடையாது.

மஹ்வஷ் ஒரு தளபதியின் மகள். நான் அஹ்வாஸ் பக்கத்தில் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவரின் மகள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அரபியில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மஹ்வஷ் இரண்டு பாடங்களில் தோற்றவள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஹிலால் ஷிராஸில் படித்தவர், பாரசீகம் சரளமாகப் பேசுவார். அதனால் என் அரபிக்கு அங்கே வேலையே இல்லை.

அவள் கெட்டவள் இல்லை. முதல் குளிர்காலத்தில் தன் கோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தாள். எனக்காகவே தைத்ததுபோல் பொருந்தியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மேஜையைக் கேட்டபோது எங்கள் தலைமை அதிகாரி தவக்கொலி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “மேஜை என்னம்மா மேஜை, இந்த ஆபீஸே உங்களோடதுதான்.”

எங்களிடம் இந்த வாய் உபசாரத்துக்குத் தாரோஃப் என்று பெயர். கடைக்காரர் “உங்ககிட்டப் போய் காசா?” என்பார், நாம் காசை எடுத்து நீட்ட வேண்டும். தேநீர் நீட்டினால் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். நடக்கத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை சீக்கிரமே வந்து, என் தேநீர்க் கிளாஸை வைத்து, அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டேன். சொன்ன சொல்லுக்கு ஒருவராவது கட்டுப்படட்டுமே என்று தோன்றியது.

மஹ்வஷ் வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அடக் கண்ணு, தவக்கொலி ஐயா சொன்னதையா நம்பிட்டே? போன வாரம் எனக்காக உயிரையே கொடுக்கறேன்னாரு. பாரு, கல்லு மாதிரி நிக்கறாரு.”

அறையே சிரித்தது. தவக்கொலியும் சிரித்தார். “கொல்நார் அம்மா வந்தா வீட்டுப் பத்திரத்தை ஒளிச்சு வைக்கணும்டா சாமி,” என்றார் என்னைக் காட்டி. நானும் சிரித்தேன். மஹ்வஷ் பையிலிருந்து ஒரு பிஸ்தா மிட்டாயை எடுத்து என் கையில் வைத்து, என் கிளாஸைத் தானே தூக்கிக் கொண்டுபோய் என் மேஜையில் வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

அதன் பிறகு ஒரு மாலை ஹிலால் பேசிவிட்டு முடிக்கும்போது, “ஒரு நாள் நானே தெஹ்ரானுக்கு வந்து உங்க கையால தேநீர் குடிக்கணும்,” என்றார்.

“உங்க பாதம் எங்க கண்ணு மேல. கதவு திறந்தேதான் இருக்கு, எப்ப வேணா வாங்க,” என்றாள் மஹ்வஷ்.

தொலைபேசியை வைக்குமுன் எங்கள் நாட்டில் எவரும் சொல்வது.

அந்த வாரமே எதிரி விமானங்கள் வந்தன. வானக் காவல் ஏன் தூங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கட்டடத்தின் ஒரு பக்கம் எரிந்தது, ஒலிப்பதிவுகளும் அதோடு போயின. பொழுது விடிந்து போர்நிறுத்தம் தொடரும் என்று இரண்டு பக்கத்தாரும் அறிவித்தார்கள். ஆனால் மாடியில் மேலதிகாரிகள் மாறிவிட்டார்கள். சுவரில் படங்கள் அப்படியே இருந்தன. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்பது மட்டும் தலைகீழானது. மஹ்வஷின் அப்பா பதவி இழந்தார். போர்நிறுத்தமே வேண்டாம் என்றிருந்த கர்னல் ராதான் அவர் இடத்துக்கு வந்தார்.

அவர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதிக் கொடுத்த உரையாடல் முன்னால் இருந்தது.

“‘கதவு திறந்தேதான் இருக்கு’ன்னு சொல்லியிருக்கா. சொன்னாளா?”

“சொன்னாங்க.”

“எதிரிக்குச் சேதி சொல்ற ஆளுகிட்ட. அந்த வாரமே விமானம் வருது. இது தாரோஃபா, இல்ல வேற ஏதாவதா? பதிவு எரிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறது உன் காதுதான்.”

தேநீரை என் பக்கம் நகர்த்தினார். நான் முதல் முறையே எடுத்துக் குடித்தேன். அவர் அதைக் கவனித்தார்.

“நீ சுத்தி வளைக்கற ஆள் இல்ல போல.”

“சூளையில வேலை செய்யறவங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க ஐயா.”

அவர் முகம் தளர்ந்தது. அந்த ஒரு மடக்குத் தேநீரில் நான் உண்மை பேசுகிறவள் ஆகிவிட்டேன். பிறகு நான் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். “எப்பவும் அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அன்னிக்குச் சிரிக்கல.”

மஹ்வஷ் அன்றும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் எதையும் சொன்னதில்லை.

மஹ்வஷைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மேஜை எனக்கு வந்தது. ஹிலால் அவளைக் கேட்டார், விடுப்பில் இருக்கிறாள் என்றேன். சில நாளில் எங்கள் ஏவுகணை ஒன்று போகக் கூடாத இடத்தில் போய் விழுந்தது. “வருத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்க நான் சமாளிச்சுக்கறேன்,” என்று ஹிலால் கெஞ்சினார். வருந்த ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொன்னேன். மஹ்வஷாக இருந்தால் அதே வாக்கியத்தை எட்டு மடிப்பாக மடித்து, பூ வைத்து அனுப்பியிருப்பாள். நான் சொல்வதைச் சொல்கிறவள். மறுநாள் போர் மறுபடி தொடங்கியது.

அஹ்வாஸில் எங்கள் தெரு இப்போது இல்லை. சூளையில் இருந்ததால் அப்பா பிழைத்தார். அம்மா வீட்டில் இருந்தாள். அதையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இப்போது இன்னொரு போர்நிறுத்தம். ராதானை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பழைய ஆட்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், தவக்கொலியும். துரோகி என்று மஹ்வஷுக்கு விதித்த தூக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அதை மறுபடி பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

இன்று மதியம் தவக்கொலி என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மெலிந்துபோயிருந்தார்.

“ஒரே வார்த்தைம்மா. அது தாரோஃப்தான்னு குழுகிட்டச் சொல்லிடுங்க. அவ உசிரு பிழைச்சிடும். அப்ப பயந்துட்டேன்னு சொன்னா யாரும் உங்களை ஒண்ணும் கேட்கப் போறதில்ல.”

“அவங்க வெளிய வந்தா, மேஜை?” என்றேன்.

கேட்கக் கூடாததுதான். பழக்கத்தில் அவர் கை நெஞ்சுக்குப் போனது.

“மேஜை என்னம்மா மேஜை, இந்த ஆபீஸே உங்களோடதுதான்.”

இந்த முறை நான் ஏமாறவில்லை. ஏமாற வேண்டிய அவசியமும் இல்லை. காலையிலேயே குழுவிடம் போய், அன்னிக்கு அவங்க சிரிக்கல என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் தேநீர் நீட்டினார். வேண்டாம் என்று முறைப்படி மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அவர் நீட்டவில்லை.

“அவ மேல உங்களுக்கு என்னம்மா அவ்வளவு பொறாமை?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் விட்டுப்போன எதையும் நான் தூக்கி எறியவில்லை. அவளுடைய கோட்டைத்தான் போட்டிருக்கிறேன், அவளுடைய கிளாஸில்தான் தினமும் தேநீர் குடிக்கிறேன். பொறாமை இருப்பவள் அப்படிச் செய்வாளா? கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். ஹிலால் அழைக்கும் நேரம். நேற்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று, சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியிருக்கிறேன்: உங்க பாதம் எங்க கண்ணு மேல.