மாமா என்றால் அங்கிள் இல்லை

அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப் பேச்சை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தவர், அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டிருக்கிறார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் கணவர் கனடாவில் வேலை செய்கிறார். அவரோடு போய் வாழ அவள் விண்ணப்பித்திருந்தாள்; கல்யாணத்துக்குச் சான்றாக இருவரின் வாட்ஸ்அப் பேச்சையும் மொழிபெயர்த்து இணைத்திருந்தாள். அதற்கு வந்த கடிதத்தை அவள் விரித்து வைத்திருந்தாள்.

“இன்னாடி எழுதிக்கிறாங்க?”

“எங்க கல்யாணம் நெசமான்னு சந்தேகமாம்க்கா. அவர நான் அங்கிள்னு கூப்புட்டுக்கினு இருக்கேனாம்.”

“அங்கிளா? நீ மாமான்னுதானே கூப்புடுவ?”

“அதத்தான் அப்புடி மாத்திக் குடுத்துக்கிறாரு.”

அக்கா சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை.

“முப்பது நாள்ல பதில் சொல்லலன்னா தள்ளிடுவாங்களாம். பயமா இருக்குதுக்கா.”

“பேரச் சொல்லிக் கூப்புட்டுத் தொலைக்கறதுதானே?”

“தனியா இருக்கும்போதுகூட வாய்ல வரலியேக்கா. அதுக்குன்னு நான் பொண்டாட்டி இல்லன்னு ஆயிடுமா?”

அக்கா கடிதத்தை வாங்கி மடித்து அவள் பையில் வைத்தாள்.

முத்திரை குத்திக் கொடுத்த மொழிபெயர்ப்பாளரே, நீரும் தமிழர்தானே? உம் மனைவி உம்மை எப்படிக் கூப்பிடுகிறார்? ஊர் கேட்கச் சொல்லும்.