இருபதுக்கு ஒரு தட்டு

மணி இரண்டரை. நிலா இல்லை. ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரக் கடல்... ஒரு விளக்குகூடக் கண்ணில் படாது. சிரிக்காமல் கேளுங்கள். என் நண்பனின் ஒன்றுவிட்ட மாமாவுக்கு நடந்தது இது.

மாமாவும் அவர் தங்கை புருஷனும் சேர்ந்து ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார்கள். ஒழுகல் படகு. ஒருவர் பின்னால் சுக்கான் பிடிப்பார். மற்றவர் முன்னால் உட்கார்ந்து தகர டப்பாவால் தண்ணீர் இறைப்பார். இருட்டில் ஆள் தெரியாது. அதனால் இருபது டப்பா இறைத்ததும் பலகையில் ஒரு தட்டு. டொக். ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தட்டு நின்றால் உடனே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு ராத்திரி தட்டு நின்றது. மாமா எழுந்திருக்கவில்லை. படகு யாருக்கு என்று அன்று மாலைதான் இருவருக்கும் வாய்த்தகராறு. 'தொலையட்டும்' என்று உட்கார்ந்திருந்தார். விடிந்தபோது டப்பா மட்டும்தான் இருந்தது.

தங்கையிடம், "கண்ணு முன்னாடியே அலை அடிச்சிட்டுப் போயிடுச்சும்மா. குதிச்சுத் தேடினேன்" என்றார். பாவி மனுஷன், அழவும் செய்தார்.

மூன்று மாதம் கழித்து அவள் பிடிவாதம் பிடித்தாள். "அவர் போன இடத்தை எனக்குக் காட்டுண்ணா." மாட்டேன் என்றால் சந்தேகப்படுவாள். அவளை முன்னால் உட்கார வைத்து, டப்பாவைக் கையில் கொடுத்து, இருபதுக்கு ஒரு தட்டு என்று சொல்லிக் கூட்டிப்போனார்.

அதே இடம். அதே நேரம். காற்று விழுந்துவிட்டது. சளக்... சளக்... டொக். நன்றாகத்தான் இறைக்கிறாள் என்று நினைத்தார். ஆனால் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியது.

"வேகமா இறைம்மா!"

"நான் இங்கதானே இருக்கேன்..." குரல் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

டார்ச் அடித்தார். டப்பா அவள் மடியில், காய்ந்து கிடந்தது. முன்னால் யாருமில்லை. நனைந்த சுருட்டு நாற்றம்... மச்சான் பிடிக்கிற சுருட்டு. சளக். யாரோ கடலை மொண்டு மொண்டு உள்ளே ஊற்றுகிறார்கள்.

அவள் கத்தவில்லை. "அண்ணா, அன்னைக்குத் தட்டு நின்னப்போ நீ எந்திரிச்சுப் பாத்தியா?"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"பாக்கல" என்றார். "தெரிஞ்சேதான்... பாக்கல."

தட்டு நின்றது.

அவள் சுக்கானை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்பப் போய்ப் பாரு."

போனார். டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி முன்பக்கம் வரை போனது... அணைந்தது. விழுந்த சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

இன்றைக்கும் அவள் அந்தப் படகைத்தான் ஓட்டுகிறாள். தன்னந்தனியாக. ஓட்டையை அடைக்கவில்லை, இறைக்க ஆளும் வைத்துக்கொள்ளவில்லை. என் நண்பன் ஒரு தடவை அதில் ஏறினான். அடிப்பலகை காய்ந்து கிடந்ததாம். ராத்திரி முழுக்க, ஆளில்லாத முன்பக்கத்திலிருந்து... டொக், டொக்.

இருபதுக்கு இரண்டு.