அகராதி அளவு

— இன்ச்சு டேப்பு வேண்டாம் மேடம். அந்தத் தடி அகராதி இருக்கில்ல, அதைக் கொடுங்க.

— தச்சு வேலைக்கு அகராதி எதுக்குண்ணே? படிக்கவா?

— அளக்க. புது லைப்ரரி படத்துல அளவெல்லாம் அப்படித்தான் போட்டிருக்கு. மேசைக்கு நாலு அகராதி நீளம். இன்ச்சு பார்த்திருக்கேன், அடி பார்த்திருக்கேன், இப்படி ஒரு கணக்கை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

— யாரு போட்ட படமாம்?

— ஏதோ ஒரு பிள்ளை. ஹெச்.எம். ஒரு பெட்டியை வச்சு, லைப்ரரி எப்படி இருக்கணும்னு பேர் எழுதாம வரைஞ்சு போடச் சொன்னாங்களாம். அதுல இது தேறியிருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?

— பார்க்காமலே போட்டேன். ரேக்கையெல்லாம் சுவரோரம் தள்ளிட்டு, நடுவுல மேசை போட்டு, பிள்ளைங்க கூடிப் பேசிப் படிக்கணும்னாங்க. இருபத்திரண்டு வருஷமா ‘பேசாதே’ன்னு சொன்ன வாய் இது. அப்புறம் என்னத்தைப் பார்க்க?

— கோபத்துல கையெழுத்துப் போட்டா எனக்குல்ல வேலை ரெண்டாகும். சரி, எந்த ரேக்குலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

— எதுலேர்ந்து வேணாலும் ஆரம்பிங்க. மூலை ரேக்கை மட்டும் தொடாதீங்க.

— அதுலதான் முதல்ல கை வைக்கணும் மேடம். அது நகராம மத்தது நகராது.

— அதுக்குப் பின்னால ஒரு பொண்ணு உக்காருவாண்ணே. எட்டாம் வகுப்பு. நடு வருஷத்துல வந்து சேர்ந்தவ. யார்கூடவும் பேசமாட்டா. சாப்பாட்டு மணி அடிச்சா நேரா இங்கதான் வருவா.

— உங்ககூட பேசுவாளா?

— தலையை ஆட்டுவா, அவ்வளவுதான். நானும் கேக்கறதில்ல. மத்தவங்க கண்ணுல படாம இருக்கட்டும்னு ரேக்கைத் திருப்பி வச்சதே நான்தான். அதையும் எடுத்துட்டா அவ எங்க போவா?

— புரியுது மேடம். ஆனா படத்துல அந்த மூலையில ரேக்கு இல்லையே. நானா ஒண்ணு செஞ்சா ஹெச்.எம். என்னைத்தான் பிடிப்பாங்க.

— நான் போய்ப் பேசிக்கறேன்.

— பேசுங்க. அதுக்குள்ள அகராதியைக் கொடுத்தா மேசைப் பலகையையாவது அளந்து வைப்பேன்.

— அது இங்க இல்ல. அந்த மூலையிலதான் கிடக்கும், எடுத்துக்கோங்க. அவதான் அதை மடியில வச்சு, மேல ஒரு தாளைப் போட்டு, தினம் ஏதாவது வரைஞ்சு…

— என்ன மேடம், நிறுத்திட்டீங்க?

— அந்தப் படத்தைக் கொடுங்க.

— இந்தாங்க. மடிப்பு கிழிஞ்சிருக்கு, பார்த்து.

— வேற யாரும் அந்த அகராதியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லண்ணே.

— அப்படியா? அப்ப நடு மேசையைப் பாருங்க. ஆறு நாற்காலி. ஒண்ணுல மட்டும் சின்னதா ஏதோ எழுதியிருக்கு. என் கண்ணுக்குப் பிடிபடல.

— ‘நான்’னு எழுதியிருக்கா.

— பக்கத்து நாற்காலியில?

— ஒண்ணும் இல்ல. காலியா விட்டிருக்கா.

— அப்ப ஹெச்.எம்.கிட்ட என்னன்னு சொல்லப் போறீங்க?

— முதல்ல அந்த மூலை ரேக்கை எடுங்கண்ணே. ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்.