சுட்டுப் பார்த்த வில்லை

மணிக்கட்டு வலி வந்தவர்களுக்குத்தான் நல்ல களிமண்ணின் அருமை தெரியும், ஐயா. கம்மல் செய்ய நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த பாலிமர் களிமண் கல் மாதிரி இருக்கும். பதம் வர அரை மணி நேரம் பிசைய வேண்டும். அக்காவும் நானும் மாறி மாறிப் பிசைவோம். அவளுக்கு நெஞ்சு கெட்ட பிறகு முக்கால் பங்கு என் கையில் விழுந்தது. சோற்றுத் தட்டைத் தூக்கினால் கை நடுங்கும்.

அக்கா பதினெட்டு வருஷம் செங்கல் சூளையில் கல் சுமந்தவள். அந்தத் தூசிதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை மறைக்கவில்லை. மூன்று வருஷமாக அவள் சளிச் சட்டியைக் கழுவியவளும் நான்தான். இருமல் விட்டால்தான் அவளுக்குத் தூக்கம். அவள் தூங்கினால்தான் எனக்கு.

போன வாரம் கடைக்காரர் புதுக் கம்பெனி மண் நாலு கட்டி கொடுத்துவிட்டார். அக்கா ஒரு துண்டைக் கிள்ளி உருட்டினாள்.

"என்னடி இது, தொட்டதும் வளையுது? புது மருமக மாதிரி. எத்தனை நாளைக்கு இந்தப் பணிவோ."

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்க்கா. என் கை பொழச்சுது."

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இதுக்கு ஒரு ஆளு போதும். இனிமே நான் எதுக்கு?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகக் கேட்கவில்லை.

புது மண் எது வந்தாலும் முதலில் காசளவு வில்லை ஒன்று தட்டிச் சுட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று காலையிலும் செய்தேன். பழைய மண்ணுக்கு வைக்கிற சூட்டில் இது கருகிவிடும், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது என்று உறையில் போட்டிருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஓவனில் சூட்டைக் குறைத்து வைத்தேன். வில்லை பால் வெள்ளையாக, விரிசல் இல்லாமல் வந்தது.

வெள்ளை மண்ணில் தூசி ஒட்டினால் போகாது. அதனால் ஜன்னலை ஒட்டுநாடா போட்டு அடைத்து வைத்திருந்தோம். "மூச்சு முட்டுதுடி, ஜன்னலத் தொற," என்றாள். "மதியம் தொறந்து விடறேன்க்கா," என்றேன். சாப்பிட்டாள். இருமல் மருந்து குடித்தாள். அதைக் குடித்தால் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். ஓவனுக்குப் பக்கத்திலேயே அவள் பாய்.

மீதி மண் முழுக்க உள்ளே வைத்தேன். சூட்டுக் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். கதவைச் சாத்திவிட்டுக் கம்மல் கொக்கி வாங்கப் போனேன். வீட்டில் ஒரு டப்பா நிறையக் கொக்கி இருந்தது. திரும்பும் வழியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் அன்றுதான் பகலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

"புது மண்ணு, சூடு தெரியாம வச்சிட்டா, பாவம்," என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஸ்டேஷனில் நீங்களும் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். இதோ அந்த வில்லை. சூடு தெரியாதவளிடம் இது இருக்காது.

அவள் பட்ட பாடு தீரட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போகிற வரைக்கும் நம்பவும் செய்தேன். அவள் பாயில் இல்லை. ஜன்னலடியில் கிடந்தாள். ஒட்டுநாடா ஒரு மூலையில் நகத்தால் கிழிந்திருந்தது. பாடு தீர வேண்டும் என்று நினைத்தவள் அவள் இல்லை, ஐயா. நான்தான்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மதியம் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது அவளுக்கு இன்னும் பாக்கி.