குளத்தில் நட்ட கம்பு

மழைக்குப் பிறகு எங்கள் ஐயம்பேட்டைக் குளம் பார்க்க அழகாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. தண்ணீர் தளும்பி, பாசி படர்ந்து, பச்சைப் பட்டை விரித்த மாதிரி கிடக்கும். அதனால் எங்கள் சின்ன சபையின் ஞானஸ்நானத்தைத் தை மாதத்தில்தான் வைத்துக்கொள்வோம்.

உபதேசியாராகிய நான் முந்தின நாளே குளத்தில் இறங்கி ஆழம் பார்ப்பேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு மூங்கில் கம்பை நட்டு வெள்ளைத் துணி கட்டுவேன். அதற்கு அப்பால் எப்போதோ மண் எடுத்த பள்ளம் இருக்கிறது. பாதிரியார் துரைக்கு முழங்கால் வாதம். கரையில் நின்றே வசனம் சொல்வார். ஞானஸ்நானம் பெறுகிறவன் கம்பு வரை நடந்துபோய், தானே முழுகி எழுவான். பாட்டை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

இந்த வருஷம் ஞானஸ்நானம் பெற இருந்த பாச்சா, பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டே வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? நல்ல பிள்ளைதான், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்றான்.

"நாளைக்கு நான் பொய் சொல்லப்போறது கடவுளுக்கு இன்னைக்கே தெரிஞ்சிருக்குது. அப்புறம் நான் எப்படிங்க சொல்லாம இருக்கிறது?"

அது தேவ ரகசியம் என்றேன். அப்படியானால் உங்களுக்கும் தெரியாது என்று சொல்லுங்களேன் என்றான். சபை சிரித்தது. துரையும் சிரித்தார்.

பதிலைத் துரைதான் சொன்னார். மேட்டில் நிற்கிறவன், கீழே வண்டி பள்ளத்தை நோக்கிப் போவதைப் பார்க்கிறான். அவன் பார்ப்பதால் வண்டி கவிழ்வதில்லை. அப்படியே தேவன் முன்னறிகிறார், செய்கிறவன் மனுஷன். எனக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்தது.

துரைக்குப் பாச்சாவைப் பிடித்துப்போயிற்று. ஞானஸ்நானம் முடிந்ததும் அவனே இங்கே உபதேசியார் என்றார். நான் திருப்புட்குழிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தர வேண்டுமாம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

ஞானஸ்நானத்தன்று பாச்சா புது வேட்டி கட்டி, சிரித்த முகத்தோடு குளத்தில் இறங்கினான். நான் தள்ளவில்லை. கம்பு வரை நடந்தது அவனுடைய சொந்தச் சித்தம். சட்டென்று தலை மறைந்தது. ஒரு கை மட்டும் மேலே வந்து ஆடியது. ஆவியின் நிறைவு என்று சபையார் அல்லேலூயா சொன்னார்கள். நான் அடுத்த சரணத்தை எடுத்தேன்.

அவன் மனைவி பொன்னியம்மாள் மதம் மாறாதவள்; கரையில் தள்ளி நின்றிருந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. ஓடிவந்து என் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவுருக்கு நீச்சல் தெரியாதுங்க. யாரையாவது எறங்கச் சொல்லுங்கய்யா."

ஜெப வேளையில் பேசக்கூடாதம்மா என்றேன். அந்தப் பாட்டில் சரணங்கள் அதிகம்.

பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்திருப்பது குற்றமென்றால் முதல் கைது பரலோகத்தில் அல்லவா நடக்க வேண்டும்? முந்தின நாள் மாலை நான் கம்பைப் பிடுங்கிப் பள்ளத்தின் விளிம்பில் நட்டதையும் அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரே வாயைத் திறக்காதபோது, அடியேன் நான் எதற்காகத் திறக்க வேண்டும், ஐயா?