கோளாறு காலில்தான்

சாக்ஸைத் தொலைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஐயா. துவைக்கப் போடும்போது ஜோடியாகப் போகும், திரும்பும்போது ஒன்றுதான் வரும். இதற்காகவே என் மனைவி ஒவ்வொரு ஜோடியின் விளிம்பிலும் வெவ்வேறு நிற நூலில் அடையாளத் தையல் போட்டு வைத்திருந்தாள். அவள் தையல் வேலை தெரிந்தவள். அந்தத் தையல்தான் இன்று என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஹாயாக உட்கார்ந்து அவள் கையால் டீ குடிக்கலாம் என்று கனவு கண்டிருந்தேன். அவளோ அந்த வருஷம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு, மலைச்சாலை ஏறி இறங்கி, அந்தப் பக்கத்து ஊரில் அவளுடைய அக்கா நடத்தும் தையல் கடைக்குத் தினமும் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்புவாள். ஒரு அலுவலகத்தையே ஆட்டிப் படைத்த நான், சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்க அவளுக்குப் போன் போடுவேன். பின்னாலிருந்து அக்கா சிரிப்பது கேட்கும். எனக்கு வயிறு எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

யாரையாவது கொல்ல நினைத்திருந்தால் பிரேக்கில் கை வைத்திருப்பேன். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன்தான். நான் செய்ததெல்லாம் ஒரு மெல்லிய சாக்ஸைக் கம்பியால் பெட்ரோல் டேங்குக்குள் தள்ளிவிட்டதுதான். ஊருக்குள் மெதுவாகப் போனால் அது பாட்டுக்குக் கிடக்கும். மேட்டில் அழுத்தி மிதித்தால் பெட்ரோல் போகிற குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி எகிறும், தொய்யும், மறுபடி எகிறும், பிறகு மூச்சை விட்டுவிடும். நிறுத்தினால் சாக்ஸ் விலகிவிடும், வண்டி பழையபடி ஓடும். நாலு தடவை இப்படி ஆனால் பயந்து வீட்டோடு இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் பயப்படவில்லை, மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் பிளக்கை மாற்றினார், பில்டரை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பம்பையும் மாற்றினார். அவர் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் வண்டி சமர்த்துப் பிள்ளையாக ஓடியது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை மாதிரி யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், டேங்கை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் சட்டென்று ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"டேங்க்ல ஒண்ணும் இல்லப்பா. கோளாறு கால்லதான். மிதிக்கத் தெரியணும்," என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். என் மனைவி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத பெடலை மெல்ல மெல்ல மிதித்துப் பழகினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் கொடுத்த டீ சூடாக இருந்தது, குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டு, காலையில் இவளோடு காரில் கிளம்பினாள். நான் வாசலில் நின்று கையசைத்தேன். மேட்டில் ஒரு லாரியை முந்தும்போது வண்டி மூச்சை விட்டது. எதிரே பஸ். அக்கா அங்கேயே போய்விட்டாள். இவளுக்கு உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இவள் சொன்னது, "என் கால்தாங்க அக்காவைக் கொன்னுடுச்சு." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, உன்னை யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு.

மெக்கானிக்குக்குத்தான் மனசு ஆறவில்லை. நொறுங்கிய வண்டியின் டேங்கை இறக்கிப் பார்த்திருக்கிறார். கிடைத்ததை ஒரு பையில் போட்டு இன்று காலை வீட்டுக்கே கொண்டுவந்தார். அவள் படுத்தபடியே கை நீட்டி வாங்கினாள். விளிம்பில் இருந்த சிவப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இதோட இன்னொன்னு அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வாங்க. ஜோடி சேத்துடலாம்."

எடுத்துவந்தேன், ஐயா. சொன்ன பேச்சைத் தட்டாத புருஷன். நான் திரும்பி வருவதற்குள் அவள் மெக்கானிக்கின் போனை வாங்கி உங்கள் போலீஸ் ஸ்டேஷனை அழைத்துவிட்டிருந்தாள். பாவம், அதிர்ச்சியில் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது. இப்போதெல்லாம் டீ நான்தான் போடுகிறேன். சர்க்கரை டப்பா இருக்கும் இடம்கூடத் தெரியும். நான் போய்ப் பக்கத்தில் உட்காராவிட்டால் அவளுக்கு ஒரு வாய் இறங்காது.