மாட்டுப்பொங்கலன்று சேணம் ஏறாத குதிரை

வெற்றிலைக் கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு வந்து இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் அங்காளம்மாள் அவர்களே, முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோரே, மடியில் மழலைகளோடு மன்றத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே, பரமத்தி வேலூர்க் கைப்பேசிக் குதிரை வளர்ப்போர் சங்கத்துத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த லாரி புக்கிங் ஆபீஸ் முருகானந்தத்தின் தலைதாழ்ந்த வணக்கம்!

கைப்பேசியில் குதிரையா என்று அங்கே ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா! நானும் சிரித்தவன்தான். சிரித்துக்கொண்டே சேர்ந்தவன், இன்று ஏழு குதிரைக்குத் தீனி வைக்கிறேன்.

இன்று நாம் பாராட்டும் தங்கை ஜெயப்பிரியா, நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர். அவர் குதிரையின் பெயர் செம்பவளம். குட்டியாக வாங்கி, வேளை தவறாமல் கொள்ளு வைத்து, வியர்த்தால் துடைத்து, லாடம் தேய்ந்தால் மாற்றி இரண்டு ஆண்டு வளர்த்தார். அந்த விளையாட்டில் நடுவர்கள் ஆண்குதிரையின் உடற்கட்டைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், குணத்தைப் பார்ப்பார்கள். நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் அது குட்டிகளுக்குத் தகப்பனாகும் பொலிகுதிரை. வாங்காவிட்டால்? வாரிசு இல்லை, வம்சம் இல்லை, வயது கடந்தால் மறுவாய்ப்பும் இல்லை!

செம்பவளத்துக்கு அதுவே கடைசி ஆண்டு. அதில் கடைசி நாள் எது தெரியுமா? மாட்டுப்பொங்கல்!

அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஓட்டு, ஓட்டு என்று அவரை விரட்டியவன் நான். என் பேச்சைக் கேட்டு ஓட்டினார். களைப்புக் கோடு சிவந்தது. ஒத்திகையில் எழுபத்தொன்றுதான் கிடைத்தது. மாட்டுப்பொங்கலன்று காலையில் பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"அம்மிணி, இன்னிக்கு உட்டாப் போச்சு! சேணத்தப் போட்டு நடுவருங்க முன்னால நிறுத்து!"

"இன்னிக்கு எப்புடீங்கண்ணா போடறது? எங்கூட்டு மாட்டுக்கே இன்னிக்கு நுகத்தடி வெக்கமாட்டமுங்க."

"அது போனுக்குள்ள இருக்கற குதிரை சாமி! அதுக்குப் பொங்கல் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமில்லீங்களா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவரோ அன்று செம்பவளத்தைக் குளிப்பாட்டி, கேரட்டும் வெல்லமும் கொடுத்து, லாயத்தில் சும்மா நிற்கவிட்டார். அழுதுகொண்டே அதைச் செய்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி. ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஏது விடுமுறை? பக்கத்து மேசை அக்சிலியா, தங்கையின் வீங்கிய முகத்தைப் பார்த்து விவரம் கேட்டார். கடல் கடந்த ஊர்களின் நேரம் பார்த்தே கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிறவர் அல்லவா! சட்டென்று சொன்னார்:

"ஏம்புள்ள, அந்த ஆட்டம் நடத்தறவங்க அமெரிக்காவுல தான இருக்காங்க? அங்க இன்னும் நேத்துதான்!"

ஆகா! நம் ஊரில் மாட்டுப்பொங்கல் முடிந்துவிட்டது. அவர்கள் ஊரில் கடைசி நாள் முடியவில்லை! ஏறியது சேணம். ஒரு பகல் ஓர் இரவு முழுக்க இளைப்பாறிய குதிரை, களைப்புக் கோடு பச்சையாகி, கழுத்தை நிமிர்த்தி நடுவர் முன்னால் நடந்தது. நான் விரட்டி வாங்க முடியாத மதிப்பெண்ணை அந்த ஓய்வு வாங்கித் தந்தது. எண்பத்து நான்கு!

கொஞ்சம் பொறுங்கள், தலைவர் அம்மா ஏதோ கேட்கிறார்கள். "அங்கயும் நாள் முடிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" நல்ல கேள்வி! முடிந்திருந்தால் செம்பவளம் பொலிகுதிரைப் பட்டியலில் ஏறியிருக்காது. ஆனால் இந்த மேடை இருந்திருக்கும், இந்த மாலை இருந்திருக்கும், இதோ இந்தப் பொன்னாடையும் இருந்திருக்கும்! யாரும் பார்க்காத இடத்தில், வாயில்லாத ஒரு படத்துக்குக்கூட ஒரு நாள் ஓய்வு கொடுத்த மனசுக்கு நான் இதைப் போர்த்துகிறேன். என் அவசரத்துக்கு இந்தச் சபையிலேயே மன்னிப்பும் கேட்கிறேன், தங்கை!

இன்னும் பேசலாம். தங்கை பேச விடமாட்டார். மணி ஆறாகிறது, செம்பவளத்துக்குக் கொள்ளு வைக்கும் நேரம். அதோ பாருங்கள், பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியபடியே ஒரு கையால் போனை எடுத்துவிட்டார்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, அவர் தீனி வைத்து முடிக்கட்டும், வணக்கம்!